260 பாகையில் மண்ணெண்ணெய்

விமானத்துக்கு ஊற்றுவது மண்ணெண்ணெய் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள். ஸ்காபரோவில் ஏதாவது கலியாண மண்டபத்தில், பக்கத்துக் கதிரையில் இருக்கிறவர் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பார். எரிபொருள் ஆய்வுகூடத்தில் விமான எண்ணெயைச் சோதிக்கிற வேலை என்பேன். முகத்தில் ஒரு மரியாதை வரும். அது மண்ணெண்ணெய்தான் என்றவுடன் வந்த மரியாதை திரும்பிப் போய்விடும். "சும்மா விடுங்கோ பிள்ளை. அவ்வளவு பெரிய சாமானுக்கு மண்ணெண்ணெயோ?" என்பார்கள். பிறகு தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொள்வதற்காக இன்னொரு கேள்வி கேட்பார்கள். "ஆனா சுத்தமான மண்ணெண்ணெய்தானே?"

அந்தக் கேள்விக்கு என்னால் ஓமென்றும் சொல்ல முடிவதில்லை, இல்லையென்றும் சொல்ல முடிவதில்லை. பதினாறு வருடமாக நான் செய்கிற வேலை முழுவதும் அந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

முதலில் மண்ணெண்ணெய் என்பதை உறுதிப்படுத்திவிடுகிறேன். மசகெண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது பெற்றோலுக்கும் டீசலுக்கும் இடையில், ஏறக்குறைய 150 பாகையிலிருந்து 300 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதித்து வருகிற பகுதிதான் மண்ணெண்ணெய். விளக்குக்கு ஊற்றியதும் அதுதான், ஜெட் இயந்திரம் எரிப்பதும் அதுதான். விமானத்துக்குப் போகிறதற்குக் கட்டுப்பாடு அதிகம். ஜெட் ஏ-1 என்கிற வகை, பூச்சியத்துக்குக் கீழே 47 பாகை வரைக்கும் உறையக்கூடாது. தண்ணீர் இருக்கக்கூடாது, தூசு இருக்கக்கூடாது. இப்படி ஒரு நீண்ட பட்டியல் உண்டு. ஆனாலும் அடியில் அது மண்ணெண்ணெய்தான்.

எனக்கு மண்ணெண்ணெயை இங்கே வந்துதான் தெரியும் என்றில்லை. 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது நான் ஆறாம் வகுப்பு. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் வந்து, பிறகு கால்போத்தல் கணக்கில் வந்தது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். பெற்றோல் கிடைக்காததால் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அப்பா ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். நாலு துளியைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, இயந்திரம் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். வெள்ளைப் புகை கிளம்பும். இரண்டு நாளைக்கொருமுறை பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டவேண்டும். விளக்குப் பிடிக்கிறது என் வேலை.

அந்தக் காலத்தில் விற்கப்பட்ட மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலதில் டீசல் கலந்திருக்கும். சிலது துருப்பிடித்த பீப்பாயில் மாதக்கணக்காகக் கிடந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் போத்தலை வெயிலில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார், மணந்து பார்ப்பார். அப்பா அப்படிச் செய்ய மாட்டார். புதுத் திரி ஒன்றை நனைத்துக் கொளுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து திரியின் நுனியைப் பார்ப்பார். கரி கட்டிப்போய்க் கிடந்தால் அந்த எண்ணெய் மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. "நிறத்தைப் பாத்து என்ன செய்யிறது. கொளுத்திப் பார்" என்பார். அவர் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். இரசாயனம் படித்தவர் இல்லை.

இரவில் மேலே விமானச் சத்தம் கேட்டால் அந்த விளக்கையும் அணைப்போம். ஜெட் விமானம் எரிப்பதும் மண்ணெண்ணெய்தான் என்பதைப் பல வருடம் கழித்து, கனடாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, பயிற்சிப் புத்தகத்தின் இரண்டாவது பக்கத்தில் வாசித்தேன். எங்களுக்குக் கிடைக்காத மண்ணெண்ணெய் எங்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

இனி என் வேலைக்கு வருகிறேன். விமானத்தில் எரிபொருளுக்கு எரிவது மட்டும்தான் வேலை என்று நானும் நினைத்திருந்தேன். எரிவதற்கு முன்பு அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. அது குளிர்விக்க வேண்டும். இயந்திரத்தின் உராய்வெண்ணெய் கொதிக்கக் கொதிக்க வரும். மின்பிறப்பாக்கி சூடாகும். அந்தச் சூட்டை எங்கேயாவது கொட்டவேண்டும். இறக்கைக்குள் இருக்கிற எரிபொருளோ முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் நன்றாகக் குளிர்ந்து போயிருக்கும். எப்படியும் எரியப்போகிற எண்ணெய்தானே என்று அந்தச் சூட்டை அதற்குள் ஏற்றிவிடுகிறார்கள். இறக்கையில் உறைகிற குளிரில் இருந்த எண்ணெய், எரியறைக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் 100 பாகையைத் தாண்டிவிடும். சில இயந்திரங்களில் 150 பாகை வரைக்கும் போகும். அதே சூட்டில் அது தலைமயிர் அளவான துவாரங்கள் வழியாகத் தெளிக்கப்பட வேண்டும்.

சூடான எண்ணெய் என்ன செய்யும் என்பதை எங்கள் குசினியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வடை சுட்ட தாச்சியின் வெளி விளிம்பைப் பாருங்கள். மஞ்சளாக, பிறகு பழுப்பாக, கடைசியில் கறுப்பாக ஒரு பிசின் ஒட்டியிருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அது அழுக்கு இல்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, ஒரு மூலக்கூறு இன்னொன்றைப் பிடித்து, அது வேறொன்றைப் பிடித்து, அரக்காக மாறியது. மண்ணெண்ணெய் தேங்காய் எண்ணெயைப் போன்றதல்ல. ஆனால் காற்றோடு சேர்ந்து கெடுகிற விதத்தில் இரண்டும் உறவுக்காரர்.

காற்றுப்பட்ட ஒரு கிலோ ஜெட் எரிபொருளுக்குள் ஏறக்குறைய 70 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். குளிரில் அது சும்மா இருக்கும். சூடேறினால் வேலையைத் தொடங்கும். முதலில் பேரொட்சைட்டுகள் உண்டாகும். அவை நிலையில்லாதவை. உடைந்து, கிடைத்ததைப் பிடிக்கும். மண்ணெண்ணெயின் பெரும்பகுதியான ஐதரோகாபன்கள் மட்டும் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. அவை ஒட்சியேறினாலும் பெரும்பாலும் கரைந்தபடியே இருந்துவிடும். படிவு உண்டாவதற்கு வேறு ஆட்கள் வேண்டும். கந்தகம் சேர்ந்த சில சேர்வைகள், நைதரசன் வளையங்கள், பீனோல்கள். மசகெண்ணெய் எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணின் ஞாபகமாக இவை கூடவே வருகின்றன. பேரொட்சைட்டுகள் இவற்றைப் பிடித்து ஒன்றோடொன்று கோர்த்துக் கனமாக்கிவிடும். கனமானது எண்ணெயில் கரையாது, சூடான உலோகச் சுவரில் போய் ஒட்டும். அரக்குப் படலம் என்பது அதுதான்.

அந்தப் படலம் மயிரிழையிலும் மெல்லியது. ஆனால் தெளிக்கும் துவாரமும் சின்னது. ஒரு பக்கம் அடைத்துக்கொண்டால் எண்ணெய் சமமாகத் தெளிக்காது. தீ ஓரிடத்தில் கூடுதலாக எரியும். அந்தச் சூடு போய் டர்பைனின் இலைகளைத் தின்னும். வெப்ப மாற்றிக்குள் படிந்தால் உராய்வெண்ணெய் குளிராது. 1950களில், ஜெட் இயந்திரங்களின் சூடு கூடக் கூட, வடிகட்டிகளும் தெளிமுனைகளும் அடைபடத் தொடங்கியபோதுதான் இதைக் கவனித்தார்கள். அதற்கு முன்பு மண்ணெண்ணெயை எவரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. எவ்வளவு நன்றாக எரிகிறாய் என்றுதான் கேட்டார்கள். எரியாமல் சூட்டில் இருக்கும்போது எப்படி நடந்துகொள்வாய் என்று கேட்கவில்லை.

நான் ஒவ்வொரு நாளும் கேட்கிற கேள்வி அதுதான். அதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஆய்வுகூடக்காரர் எல்லோரும் அதை ஜெஃப்டொட் என்று செல்லமாகச் சொல்வோம். பென்சில் மாதிரி ஓர் அலுமினியக் குழாய், கண்ணாடி போலத் துலக்கியது. நடுப்பகுதியைக் கையால் தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெயே முடிவை மாற்றிவிடும். முதலில் எரிபொருளுக்குள் ஆறு நிமிடம் காற்றைக் குமிழியாக விடுவோம். அது வயிறு நிறைய மூச்செடுத்துக்கொள்ளவேண்டும். பிறகு, சூடேற்றிய அந்தக் குழாயின் மேல் நிமிடத்துக்கு 3 மில்லிலீற்றர் வீதம் ஓடவிடுவோம். வெப்பம் 260 பாகை. நேரம் இரண்டரை மணித்தியாலம். குழாயைத் தாண்டியதும் 17 மைக்குரோன் கண்ணுள்ள உருக்கு வடிகட்டி ஒன்று. அதில் ஏதும் அடைத்தால் அழுத்தம் கூடும். அது 25 மில்லிமீற்றர் இரசத்தைத் தாண்டக்கூடாது.

விமானத்தில் 150 பாகை, உங்கள் கருவியில் ஏன் 260 என்று கேட்கலாம். இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கான மணித்தியாலம் இருக்கிறது, எங்களுக்கு இரண்டரைதான். காலத்தில் குறைந்ததைச் சூட்டில் கூட்டிக் கொடுக்கிறோம்.

நேரம் முடிந்ததும் குழாயைக் கழற்றி, விளக்குப் பொருத்திய ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பூச்சியம் என்றால் புதுக்குழாய் மாதிரி. ஒன்று, இரண்டு என்று மஞ்சள் கூடும். மூன்றைத் தொட்டால் சித்தியில்லை. நாலு, தாச்சியின் விளிம்பு. இவை தவிர இன்னொன்று இருக்கிறது. சிலநேரம் குழாயில் நீலம், பச்சை, ஊதா என்று வானவில் மாதிரி நிறங்கள் மினுங்கும். படலம் ஒளியின் அலைநீளத்தோடு விளையாடுகிற அளவு மெல்லியதாக இருக்கும்போது வருகிற நிறங்கள் அவை. அதற்கு உலகமெங்கும் வைத்திருக்கிற பெயர் மயில். மயில் வந்தால் அந்த எண்ணெய் தோற்றது. முருகன் கோயில் வீதியில் வளர்ந்த எனக்கு, மயிலைக் கண்டு மனம் சோர்கிற ஒரு தொழில் கிடைத்தது. இப்போது படலத்தின் தடிப்பை நனோமீற்றரில் அளக்கிற கருவிகளும் வந்துவிட்டன. 85 நனோமீற்றர்தான் எல்லை. ஆனாலும் குழாயைக் கழற்றியவுடன் என் கண் முதலில் மயிலைத்தான் தேடும்.

இந்த இடத்தில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழாய் எண்ணெயிடம் உனக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. சூட்டில் என்ன செய்வாய் என்று மட்டும்தான் கேட்கிறது. அப்பாவின் திரி கேட்ட கேள்வி.

அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே இருப்பதை எண்ணிப் பார்த்தால் ஏமாந்துபோவோம். கனடாவில் வீதியில் ஓடுகிற லொறியின் டீசலில் கந்தகம் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. விமான எரிபொருளுக்கு அனுமதித்திருப்பது 3000 மில்லிகிராம். இருநூறு மடங்கு. சொன்னால் எவரும் திடுக்கிடுவார்கள். ஆனால் கந்தகம் அவ்வளவு இருந்தும் குழாய் வெள்ளையாக வந்த மாதிரிகளை நான் கண்டிருக்கிறேன். கந்தகத்தில் எல்லாச் சேர்வைகளும் ஒரே குணம் இல்லை. சிலது படிவை வளர்க்கும், சிலது சும்மா கூடவே போகும். மறுபக்கம் செம்பு. நூறு கோடியில் சில பத்துப் பங்கு செம்பு கரைந்திருந்தால் போதும், நல்ல எண்ணெய் கெட்டுவிடும். செம்பு தான் செலவாகாமல் ஒட்சியேற்றத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். செம்புப் பாத்திரத்தில் புளி வைக்காதே என்று ஆச்சி சொன்னதும், அதற்கு உள்ளே ஈயம் பூசியதும் வேறு இரசாயனம். ஆனால் பாத்திரமும் சாப்பாட்டோடு கலந்துகொள்ளும் என்கிற எச்சரிக்கை ஒன்றுதான். அமெரிக்கக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களில் எரிபொருட் குழாய்கள் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் இருந்தன. கடல்நீருக்கு அது நல்லது. எண்ணெய்க்கு அது நல்லதாக இருக்கவில்லை.

அப்படியென்றால் எல்லா மாசையும் எடுத்துவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். உயர்ந்த அழுத்தத்தில் ஐதரசனைச் செலுத்திச் சுத்திகரித்தால் கந்தகம் போகும், நைதரசன் போகும், பீனோலும் போகும். மிகவும் சுத்தமான எண்ணெய். ஆனால் அது முந்தியதைவிட வேகமாக ஒட்சியேறியது. மண்ணிலிருந்து கூட வந்த பீனோல்கள் படிவுக்கு உதவி செய்ததோடு இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒட்சிசனின் ஓட்டத்தை இடையில் புகுந்து நிறுத்துகிற காவல் வேலை. காவல்காரரையும் சேர்த்து வெளியே அனுப்பியதால் களஞ்சியத்திலேயே பேரொட்சைட்டுகள் சேர்ந்து, விமானத்தின் இறப்பர்ப் பாகங்களைத் தாக்கின. அதற்குப் பிறகு ஐதரசனில் சுத்திகரித்த எண்ணெய்க்கு ஒட்சியேற்றத் தடுப்பி சேர்க்கத் தொடங்கினார்கள். லீற்றருக்கு 24 மில்லிகிராம் வரைக்கும் சேர்க்கலாம். அந்தத் தடுப்பி என்ன தெரியுமா? பீனோல்தான். வேறு வடிவத்தில் செய்த, படிவு உண்டாக்காத பீனோல். ஒன்றை எடுத்துவிட்டு அதன் ஒன்றுவிட்ட சகோதரத்தை அழைத்து வந்திருக்கிறார்கள்.

ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிகிறது. வேகமாக ஒட்சியேறுகிற சுத்தமான எண்ணெய் பல நேரம் குறைவாகப் படியும். மெதுவாக ஒட்சியேறுகிற எண்ணெய் பல நேரம் கூடுதலாகப் படியும். காப்பதும் கெடுப்பதும் ஒரே சேர்வையாக இருக்கிறபோது நல்லது கெட்டது என்று இரண்டு பட்டியல் போட முடியாது.

காசைப் பார்க்காமல் செய்த எண்ணெய்களும் உண்டு. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறந்த எஸ்.ஆர்.-71 உளவு விமானத்தின் தோலே 250 பாகையைத் தாண்டும். அதற்கென்றே ஜே.பி.-7 என்ற எரிபொருளைச் செய்தார்கள். கந்தகம் மிகக் குறைவு. தாங்கிக்குள் ஒட்சிசன் இருக்கக்கூடாதென்று நைதரசன் நிரப்பினார்கள். 1990களில் அமெரிக்க விமானப்படை வேறு வழியில் போனது. வழமையான எண்ணெய்க்கே ஒரு கலவையைச் சேர்த்து, அது தாங்கும் சூட்டை 100 பரனைற்றுப் பாகையால் உயர்த்தியது. அந்தக் கலவை சவர்க்காரம் மாதிரி. துகள்களைச் சுவரில் ஒட்டவிடாமல் மிதக்க வைக்கும். ஆனால் சவர்க்காரம் தண்ணீரையும் எண்ணெயோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? தரையில் எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வடிகட்டிகள் அதனால் செயலிழந்தன. மேலே ஒரு சிக்கல் தீர்ந்தபோது கீழே ஒன்று முளைத்தது.

செம்புக்கும் மருந்து இருக்கிறது. உலோகத்தைச் செயலிழக்கச் செய்யும் ஒரு சேர்வை. நண்டு இரண்டு கொடுக்காலும் பிடிக்கிற மாதிரிச் செம்பு அணுவைப் பிடித்து அடக்கிவிடும். இப்படிப் பிடிக்கிற சேர்வைகளுக்கு இரசாயனவியலில் வைத்த பெயரே கிரேக்கத்தில் நண்டுக் கொடுக்கு என்ற சொல்லிலிருந்து வந்தது. முதற்தடவை லீற்றருக்கு 2 மில்லிகிராம் போதும். ஆனால் இந்த மருந்தில் ஒரு சிக்கல். அது எங்கள் சோதனைக் குழாயின் உலோகத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் எண்ணெய் உண்மையில் திருந்தாமலே குழாய் வெள்ளையாக வரலாம். நோயாளிக்குக் கொடுத்த மருந்து வெப்பமானியையும் மயக்கிவிடுகிற மாதிரி. அதனால்தான், சித்தியடையாத எண்ணெய்க்கு இந்த மருந்தைச் சேர்த்தால், சேர்க்க முன் வந்த முடிவையும் சேர்த்த பின் வந்த முடிவையும் சேர்த்தே எழுதவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

அந்த விதியோடு எனக்கு ஒருமுறை வேலை வந்தது. நான் சேர்ந்து மூன்றாவது வருடம். இன்னும் ஒப்பந்த வேலைதான். அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை குறைத்திருந்தார்கள். மகளுக்கு இரண்டு வயது. ஒரு களஞ்சியத் தாங்கியிலிருந்து மாதிரி வந்தது. பார்வைக்குத் தண்ணீர் மாதிரி. கந்தகம் குறைவு. அடர்த்தி, உறைநிலை, எல்லாம் நல்ல இலக்கங்கள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிக்கிட்டபோது ஜெஃப்டொட்டிலும் சித்தி. எங்கள் குழாயில் மூன்று, அதோடு மயில். இன்னொரு குழாயில் திரும்பச் செய்தேன். அதே மயில்.

தாங்கிக்காரர் மருந்தைச் சேர்த்து இன்னொரு மாதிரி அனுப்பினார்கள். அது ஒன்று என்று வந்தது. நல்ல சித்தி. என் மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். வந்து என் மேசையோரம் நின்று, "இரண்டாவதை மட்டும் எழுதிவிடு. தாங்கியில் இப்போது இருக்கிற எண்ணெய் அதுதானே" என்றார். கேட்டால் நியாயம் மாதிரித்தான் இருக்கும். தாங்கியில் இருந்தது உண்மையிலேயே அந்த எண்ணெய்தான். நான் விதிப் புத்தகத்தைத் திறந்து வரியைக் காட்டினேன். அவருக்குத் தெரியாத வரி இல்லை. "வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். "இரண்டையும் எழுதி இப்பவே தருகிறேன், பத்து நிமிடம்" என்றேன். என் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டையும் எழுதினேன். கையெழுத்து வைத்தேன். செம்பையும் அளக்கச் சொல்லிப் பரிந்துரைத்தேன். நூறு கோடியில் பத்துக்கணக்கான பங்கு செம்பு இருந்தது. பிறகு தேடிப் பார்த்ததில், தற்காலிகமாகப் பொருத்திய ஒரு குழாய்ப் பாதையில் செம்புக் கலப்பு உலோகத்தில் ஒரு பகுதி இருந்திருக்கிறது. எண்ணெய் பல நாள் அசையாமல் அதற்குள் கிடந்திருக்கிறது. ஓடியிருந்தால் இவ்வளவு கரைந்திராது. கிடந்ததுதான் பிழை. காரணம் பிடிபட்ட பிறகு விதிப்படி அந்த எண்ணெயை விமானத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் வாங்க இருந்தவர்கள் இரண்டு முடிவுகளையும் பார்த்துவிட்டு வேண்டாமென்றார்கள். அது வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயாகக் குறைந்த விலைக்குப் போனது.

அந்த எண்ணெய் பறந்திருந்தால் விமானம் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். விழுந்திருக்காது. ஒரு தாங்கி எண்ணெயால் விமானம் விழுவதில்லை. எங்கோ ஒரு இயந்திரத்தின் தெளிமுனையில் ஒரு மெல்லிய படலம் கூடியிருக்கும். அவ்வளவுதான். எங்கள் வேலையில் கெடுதல் அப்படித்தான் நடக்கும், படலம் படலமாக. ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு நியாயம் இருக்கும். ஆனால் அதை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கிற உரிமை அதை எரிக்கிறவருக்கு உரியது, எங்களுக்கல்ல. இரண்டு இலக்கங்களையும் கண்டால்தான் அவர் தீர்மானிக்கலாம். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அந்த வருடம் சம்பள உயர்வு மட்டும் வரவில்லை.

அப்பாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவருக்கு விதியிலும் ஒப்பந்தத்திலும் அக்கறை இல்லை. "ரெண்டு தரம் கொளுத்திப் பாத்தனீயோ?" என்று மட்டும் கேட்டார். ஓமென்றேன். "அப்ப சரி" என்றார்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. அவளுடைய தமிழில் பாதி ஆங்கிலம். வருடாவருடம் பேச்சுப்போட்டியில், கலப்பில்லாமல் பேசவேண்டும் என்ற விதியில் புள்ளி இழந்து வருவாள். போன மாரியில் அம்மா இங்கே வந்து வைத்தியசாலையில் கிடந்தபோது, இரவுகளில் கூட இருந்தவள் அவள்தான். தாதி சொல்வதை அம்மம்மாவுக்கும், அம்மம்மா சொல்வதைத் தாதிக்கும் விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலி எங்கே, எப்படிப்பட்ட வலி, குத்துதா உளையுதா என்று கேட்டு வாங்கினாள். உளைவு என்ற சொல்லை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் எத்தனை ஆங்கிலச் சொற்கள் வந்தன என்று அந்த அறையில் எவரும் எண்ணவில்லை.

இந்தக் கிழமை எங்கள் ஆய்வுகூடத்துக்குப் புதுவகை மாதிரிகள் வந்திருக்கின்றன. பாவித்துக் கழித்த சமையல் எண்ணெயிலிருந்து செய்த விமான எரிபொருள். உணவகங்களில் பொரித்து முடிந்த எண்ணெயை வாங்கி, ஐதரசனால் அதிலுள்ள ஒட்சிசன் முழுவதையும் பிடுங்கி எடுத்துச் செய்கிறார்கள். கந்தகம் ஏறக்குறைய இல்லை. நைதரசன் இல்லை. படிவு உண்டாக்கக்கூடிய எதுவும் இல்லாத, நான் கண்டவற்றிலேயே சுத்தமான எண்ணெய். ஆனாலும் அதைத் தனியே விமானத்துக்கு ஊற்ற இன்னும் அனுமதியில்லை. பழைய மண்ணெண்ணெயோடு பாதிக்குப் பாதி வரைக்கும்தான் கலக்கலாம். கலந்த எண்ணெயில் அரோமற்றிக்கு எனப்படும் வளையச் சேர்வைகள் குறைந்தது 8 வீதம் இருக்கவேண்டும். அவை இல்லாவிட்டால் பழைய இறப்பர் வளையங்கள் சுருங்கி எண்ணெய் கசியலாம். புகைக்குக் காரணம் என்று நாங்கள் குற்றம் சொல்லி வந்த அதே வளையச் சேர்வைகள்.

கலப்பதற்கு முன்பு அந்தப் புது எண்ணெயைத் தனியாகவும் ஜெஃப்டொட்டில் ஓடவிட வேண்டும். அதற்கு 260 பாகை போதாது. 325 பாகை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரண மண்ணெண்ணெயிடம் கேட்பதைவிட 65 பாகை கூட. சுத்தம் என்று சொல்லிக்கொண்டு வருகிறதிடம் கூடுதலாகக் கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.